பதின்மூன்று தசம் நாலு

எட்டோபிக்கோவில் ஒரு பாண் தொழிற்சாலை.
மணிக்கு ஒன்பதாயிரம் பாண்
வெட்டுப்பட்டு, பைக்குள் விழுந்து,
என்னிடம் வரும்.
கழுத்தில் கிளிப் பூட்டுகிற இடத்தில் நான்.
ஒன்பது வருசம்.
கண்ணிமையில், காதுமடலில், மோதிரத்துக்குள்
எப்போதும் கொஞ்சம் மா.

சீனி வருத்தம் என்று டொக்டர் பகீரதி சொன்ன அன்று
சிரிப்புத்தான் வந்தது.
மாச்சத்தைக் குறையுங்கோ என்றார்.
குளித்தால் குறையும் என்றேன்.
அவர் சிரிக்கவில்லை.
திரையைத் திருப்பி எண்ணைக் காட்டினார்:
பதின்மூன்று தசம் நாலு.

வீட்டுக்கு வந்தால்
குசினிக் கதவுக்குப் பின்னால்
நாற்பது இறாத்தல் அரிசிப் பை
வாடகை கேட்க வந்த ஆளைப் போலக்
குந்திக்கொண்டிருக்கிறது.
புட்டு, இடியப்பம், தோசை, றொட்டி, கஞ்சி.
முப்பது வருசமாய் நான் சமைத்ததெல்லாம்
ஒரே சொல்லின்
வேறு வேறு உச்சரிப்பு.
இப்போது குழம்பு இருக்கிறது.
குழைக்க ஒன்றும் இல்லை.

கோலிபிளவரைத் துருவி ஆவியில் வைத்தேன்.
ஜனவரிக் கோலிபிளவர், ஒன்று ஏழு டொலர்.
சோறு மாதிரியே இருக்குது என்றார் யோகச்சந்திரன்.
என் மனுசன் சொன்ன பொய்களில்
பாசமானது இதுதான்.
பிறகு எழும்பிப் போய்த்
தனக்கு ஒரு கோப்பை சோறு போட்டு
எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு தின்றார்.
கரண்டிச் சத்தம் மட்டும் கேட்டது.

ஞாயிறு லீவு.
இரவு ஒரு முட்டை, கொஞ்சம் கீரை, அவ்வளவுதான்.
விடிய விரலைக் குத்தினால் ஒன்பது தசம் எட்டு.
பட்டினிக்கு எங்கேயிருந்து வந்தது சீனி?
ஈரல்தான் என்றாள் நேர்ஸ்.
விடியப்போகுது, உடம்புக்குத் தேவைப்படும் என்று
இருட்டோடு தானே இறக்கி விடுமாம்.
அட, உனக்கும் இரவு வேலையா?
யாரும் கேளாமல் ஓவர்டைமா?
அதற்குப் பிறகு
அதோடு கோபிக்க முடியவில்லை.

பதினோராம் இரவு, மூன்று நாற்பது.
முதுகில் குளிர்ந்த வியர்வை.
கிளிப் விரலில் நிற்கவில்லை.
கழுத்துத் திறந்தபடியே
பாண்கள் என்னைக் கடந்து போயின.
மீற்றர் லொக்கரில்.
ஜூஸ் மெசின் மூன்று கதவுக்கு அப்பால்.
மாரிசெல் என் பெயரைச் சொல்லிக் கத்தினாள்,
பாதிப் பெயரைத்தான் அவளுக்குச் சொல்ல வரும்.

எடுத்தால் வேலை போகும் என்று சுவரில் எழுதியிருக்கிறது.
ஒன்பது வருசத்தில் ஒரு விள்ளல் எடுத்ததில்லை.
அன்று பைக்குள் கையை விட்டேன்.
சூடு ஆறியும் ஆறாத பாண்.
உப்பு. ஈஸ்ற்றின் லேசான புளிப்பு.
முதல் துண்டு மருந்து.
இரண்டாவதைத்
தெரிந்துகொண்டேதான் தின்றேன்.
சுப்பவைசர் டேவிந்தர் பார்த்தார்.
பிறகு, சரியாக ஓடுகிற மணிக்கூட்டை
நெடுநேரம் பார்த்தார்.

குறைக்கத்தானே சொன்னேன்,
கூண்டோடு அழிக்கவா சொன்னேன் என்று
டொக்டருக்கு இந்தமுறை குரல் உயர்ந்தது.
சாப்பாடு இறங்கினால் குளிசையும் இறங்க வேணுமாம்,
அதுவும் அவரைக் கேட்டு.
குளிசை பாதியானது.
தட்டில் ஒரு கைப்பிடி பயறு திரும்பி வந்தது.

வெள்ளிக்கிழமைகளில்
வேலையாட்களுக்கு ஆளுக்கொரு பாண் இலவசம்.
இன்னமும் வாங்குகிறேன், அவருக்கு.
வெளியே மைனஸ் பதினெட்டு.
கிப்ளிங் பஸ்ஸில் மடியில் வைத்திருக்கிறேன்,
கண்ணாடியில் ஆவி படிகிறது.
இன்று விடிய ஏழு தசம் ஒன்று.
சொல்ல ஆளில்லை, எல்லோரும் நித்திரை.
பையின் கழுத்தில் நீலக் கிளிப்,
நான் பூட்டினதாகவும் இருக்கலாம்.
விரல் அதைத் தடவிக்கொண்டே இருக்கிறது.
இறங்குமிடம் இன்னும் ஆறு.